வன்னியில் சமூக அரங்கும் சுயாதீனத் திரைப்படமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாப் பக்கங்களிலிருந்து நாடகம் போட வேண்டும், குறும்படம் எடுக்க வேண்டும் என்று வருகிற இளையோர் எங்கள் பட்டறைகளில் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறோம். பதில்களில் சில சட்டம், சில அனுபவம், சில வெறும் பிடிவாதம். பிடிவாதங்களில் பெரியது, யாருடைய கதையை எடுத்தோமோ அவர்களே அதன் முதற் பார்வையாளர்களாக இருக்க வேண்டும் என்பது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை சுற்றி வந்து அதிலேதான் நிற்கும்.

அரசியல் நாடகம் என்றால் கட்சிக்குச் செய்கிற நாடகமா?

தேர்தல் காலத்தில் லொறியின் பின்தட்டில் நின்று செய்யப்படுபவற்றுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்த ஆண்டில் சிறுபோகத்துக்கு, அதாவது கோடைகால நெற்செய்கைக்கு, யாருடைய வயலுக்கு எத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பிரிக்கிறார்களே, அதில் முன்வரிசையில் இருப்பவர் யார், வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகிறவர் யார் என்பது அரசியல். காணி உறுதி உள்ளவருக்கும் அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ளவருக்கும் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாதவருக்கும் இடையில் உள்ள தூரம் அரசியல். 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அந்தத் தூரத்தை நடந்துகொண்டிருக்கிறார்கள். நாடகத்துக்குப் பொருள் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.

முதலில் பிரதி எழுத வேண்டுமா?

வேண்டாம். முதலில் கேட்க வேண்டும், பிறகு நடித்துப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு எழுதினாற் போதும். பிரதியை முடித்துக்கொண்டு ஊருக்குள் போகிறவர்கள் தாங்கள் ஏற்கெனவே நம்புவதற்குச் சாட்சி தேடுகிறார்கள். அவர்களுக்குச் சாட்சி கிடைத்தும் விடும், அதுதான் சிக்கல்.

சில ஆண்டுகளுக்கு முன் புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இறுதிப் போர்க்கால இடம்பெயர்வு பற்றிய ஒரு சிறு நாடகத்தை, அது முழுமையடைய முன்னரே பொதுநோக்கு மண்டபத்தில் ஊராருக்குச் செய்து காட்டினோம். தாயாக நடித்தவர் தலையில் பெரிய துணிமூட்டையோடு களத்தைச் சுற்றி வந்தார். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, “பிள்ளை, மூட்டை உடையார்கட்டோட முடிஞ்சுது. வலைஞர்மடத்துக்கு வரேக்க என்னட்ட ஒரு அலுமினியச் சட்டியும் ஒரு தண்ணிக் கானும்தான் இருந்தது. சட்டியைத் தலையில கவிழ்த்துக்கொண்டுதான் ஓடினனான்” என்றார். அடுத்த காட்சியில் மூட்டை இல்லை. நடிகையின் தலையில் கவிழ்ந்திருந்த சட்டியில் மற்றவர்கள் விரல் நுனியால் தட்டிய ஓசையே எறிகணை ஓசையாயிற்று. இரண்டு மாதம் மண்டையைப் போட்டு உடைத்திருந்தாலும் எங்களில் ஒருவருக்கும் அந்தச் சட்டி தோன்றியிராது.

கூத்தைப் பயன்படுத்தலாமா, வீதி நாடகம் போதுமா, அல்லது ஒடுக்கப்பட்டோர் அரங்கு என்கிறார்களே, அதுவா?

மூன்றும் மூன்று வேலைக்கு உரியவை. வீதி நாடகம் சந்தியில் நிற்கிறவனைப் பத்து நிமிடம் நிறுத்தி வைக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

கூத்து இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. முல்லைத்தீவில் கோவலன் கூத்து வற்றாப்பளைக் கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்து வளர்ந்தது. மன்னாரில் கத்தோலிக்கர் ஆடும் கூத்துகளும் வாசாப்பு என்ற சமய நாடகங்களும் இருக்கின்றன. காத்தவராயன் கூத்தை யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் விடிய விடிய ஆடுவார்கள். காத்தவராயனில் மகனுக்கும் தாய் முத்துமாரிக்கும் இடையில் நடக்கும் வாதத்தை ஒரு தடவை கவனித்துக் கேளுங்கள். கழுமரத்தை நோக்கிப் போகும் பிள்ளையைத் தடுக்கப் பார்க்கிற தாயின் பாட்டு அது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய்மார் அந்தச் சிந்து நடையைக் கேட்கும்போது நீங்கள் ஒரு வசனமும் சேர்க்க வேண்டியிராது. ஆனால் கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஒருவரிடம் முறையாகப் பழகாமல், நாலு தாளக்கட்டை இணையத்தில் பார்த்துப் பொறுக்கி, நடுவில் விழிப்புணர்வுச் செய்தியைச் செருகினால் கூத்தும் கெடும், செய்தியும் கெடும். கூத்தைச் சமூகப் பிரச்சினைக்கு எடுத்தாள்வது இங்கே புதிதும் அல்ல. 1969 இல் நாடகக்காரர் மௌனகுரு செய்த ‘சங்காரம்’ கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் வைத்தே சாதி, வர்க்க ஒடுக்குமுறையைப் பேசியது. 1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ போர்க்கால வாழ்வை யாழ்ப்பாணத்துக் கிராமங்களுக்கே கொண்டுபோய்க் காட்டியது. அந்த வழியில் வருகிறவர்கள் நாங்கள் என்பதை மறந்துவிட்டு ‘முதன்முறையாக’ என்று துண்டுப்பிரசுரத்தில் போடுகிறவர்களைக் கண்டால் எங்களுக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

ஒடுக்கப்பட்டோர் அரங்கு பிரேசில் நாட்டவரான அகஸ்தோ போவால் 1970களில் உருவாக்கியது. 1971 இல் இராணுவ ஆட்சி அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்து, பின்னர் அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதிலுள்ள விவாத அரங்கு என்ற முறையைத்தான் நாங்கள் அதிகம் பயன்படுத்துகிறோம். உதாரணத்துக்கு நுண்கடனை எடுத்துக்கொள்வோம். கடன் வசூலிக்க வருகிறவர் செவ்வாய்க்கிழமை காலை முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுகிறார். குழுக்கடன் என்பதால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அயலவரும் வந்து முறைக்கிறார்கள். அவள் தோட்டைக் கழற்றி அடகுவைக்கிறாள், அல்லது இதை அடைக்க இன்னோர் இடத்தில் கடன் எடுக்கிறாள். இதை ஒரு முறை முழுமையாக நடித்துக் காட்டிவிட்டு மறுபடியும் தொடங்குவோம். இரண்டாம் முறை பார்வையாளர் யாரும் “நிறுத்து” என்று சொல்லி உள்ளே வந்து அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று வேறு விதமாகச் செய்து பார்க்கலாம். வசூலிப்பவரை மட்டும் மாற்றக் கூடாது. கொடுமைக்காரன் திடீரென்று நல்லவனாகிவிட்டால் கதை முடிந்தது, வாழ்க்கையில் அப்படி முடிவதில்லை. நடுவில் நின்று இதை நடத்துபவரைப் போவால் ஜோக்கர் என்றார். நாங்கள் அவருக்குக் கட்டியகாரனின் தொப்பியைப் போட்டுவிட்டோம். அரசன் வருமுன் அரசனைப் பற்றிச் சபைக்குச் சொல்லும் அந்தப் பாத்திரத்தை எங்கள் ஊரார் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

முதலில் உள்ளே வருகிற ஆண்கள் பெரும்பாலும் வசூலிப்பவரோடு சண்டை பிடிப்பார்கள். அரை மணித்தியாலம் கழித்து ஒரு பெண் வந்து, கடன்காரியை விட்டுவிட்டு முறைக்கும் அயலவளின் இடத்தில் நின்று, “நாங்கள் ஏன் இவனுக்காக இவளோட கோவிக்கிறம்?” என்று கேட்பாள். அன்றைய நாடகம் அந்தக் கேள்விக்காகத்தான் நடந்திருக்கும்.

போரில் பாதிக்கப்பட்டவர்களையே அவர்களுடைய கதையில் நடிக்க வைக்கலாமா?

எங்கள் பதில், கூடாது. நடிக்கலாம், ஆனால் தன் கதையில், தன் வேடத்தில் அல்ல. ஒருவர் சொன்ன சம்பவத்தை இன்னொருவர் எடுத்து நடிக்க, சொன்னவர் வெளியே இருந்து பார்த்துத் திருத்துகிற முறையில்தான் நாங்கள் வேலை செய்கிறோம். வெளியே இருப்பவருக்குக் கதையின் மேல் அதிகாரம் கிடைக்கிறது. உள்ளே நிற்பவருக்கு அது மறுபடியும் நிகழ்கிறது. கண்ணீர் வந்தால் காட்சி வென்றது என்று நினைக்கும் நெறியாளரிடம் பங்கேற்பாளர்களை ஒப்படைக்க வேண்டாம்.

ஒத்திகை முடிந்ததும் வேடம் கலைப்பதற்கென்று நேரம் ஒதுக்குங்கள். கைகால் கழுவுவது, சொந்தப் பெயரை உரத்துச் சொல்வது, ஒரு விளையாட்டு, பிளேன்ரீ. சிறு காரியமாகத் தோன்றும். இதைச் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பிய ஒருவர் இரண்டு இரவு தூங்கவில்லை என்று பிறகு அறிந்து வெட்கப்பட்டிருக்கிறோம். ஊரில் உளவளத்துணையாளர் இருந்தால் முதல் நாளே அவரைக் கூப்பிடுங்கள், மூன்றாம் வரிசையில் சும்மா இருந்தாலும் போதும்.

நம்முடைய பக்கத்துத் தவறுகளைப் பேசலாமா?

பேசாவிட்டால் அது சமூக அரங்கு ஆகாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது முல்லைத்தீவிலும் மன்னாரிலும் வெறுமையான வீடுகளுக்கு அயலவர் என்ன செய்தார்கள் என்பது இன்னும் எழுதப்படாத நாடகம். போரின் கடைசிக் காலத்தில் புலிகள் வீட்டுக்கு வீடு படைக்குப் பிள்ளை பிடித்ததை எல்லாத் தாய்மாரும் அறிவார்கள், மேடையில் மட்டும் யாரும் அறியாதது போல் நடக்கிறோம். சாதியும் அப்படித்தான்: கிணறு, கோயில், கலியாணம் என்று எங்கே தொட்டாலும் நிற்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. இவற்றைப் பேசுகிறவர் அதே ஊரில் நாளைக்கும் இருக்கப் போகிறவராக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்து பேசிவிட்டு மாலை வண்டியில் ஏறிப்போகிறவரின் துணிச்சலுக்கு விலை கொடுப்பவர்கள் ஊரார்.

எந்த அனுமதிகள் வேண்டும்?

இலங்கையில் மேடை நாடகப் பிரதிகளும் திரைப்படங்களும் பொது அரங்காற்றுகைச் சபையின், அதாவது எல்லோரும் தணிக்கைச் சபை என்று சொல்வதன், அனுமதிக்கு உட்பட்டவை. இதன் அடி ஆங்கிலேயர் காலத்து 1912 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனி. மண்டபத்துக்குப் பிரதேச சபையையோ கிராம அபிவிருத்திச் சங்கத்தையோ கேட்க வேண்டும். கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகக் கலாசார உத்தியோகத்தருக்கும் கடிதம் கொடுத்து அதன் நகலில் திகதியோடு ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் தேவை. வன்னியில் படைமுகாம்களுக்கு அருகில் அந்த எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது, மேலிருந்து எடுத்த பனங்கூடல் இல்லாமலும் படம் எடுக்கலாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பகுதியில் நல்ல வெளிச்சம் விழுகிறது என்பதற்காக ஒற்றையடிப் பாதையை விட்டு ஓரடியும் விலகக் கூடாது. முகமாலைப் பக்கத்தில் அகற்றும் பணி போர் முடிந்து பல ஆண்டுகள் நீடித்ததை நினைவில் வையுங்கள்.

சிவில் உடையில் இருவர் வந்து பின்னால் நின்று படம் எடுப்பார்கள். அவர்களுக்கும் தேநீர் கொடுங்கள். நாடகத்தை அவர்களுக்காக மாற்றாதீர்கள், அவர்களைச் சீண்டுவதற்காகவும் மாற்றாதீர்கள். பங்கேற்றவர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எதையும் காணொளிக் கோப்புகளோடு ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டாம்.

பணத்துக்கு எங்கே போவது?

செலவில் பெரும்பகுதி சோறும் பெற்றோலும்தான். அதைத் தாண்டி உடை, வாடகை, புரொஜெக்டர்.

அரசசார்பற்ற நிறுவனங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு கொக்கி உண்டு. டெங்கு, கைகழுவுதல், மிதிவெடி ஆபத்து என்று செய்தியை அவர்களே எழுதித் தருவார்கள். பதினைந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்வார்கள். பார்க்க வந்தவர்களிடம் வரவுத்தாளில் ஒப்பம் வாங்கச் சொல்வார்கள். கடைசி விடயம்தான் எங்களுக்குப் பெரிய பிரச்சினை. காணி மீட்புப் பற்றிய நாடகம் பார்க்க வந்த ஒருவர் தன் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? ஒரு நிறுவனம் இதில் விட்டுக்கொடுக்க மறுத்தபோது நாங்கள் பணத்தை விட்டோம். தலை எண்ணிக்கையை எழுதிக் கொடுக்கலாம், பெயரைக் கொடுக்க முடியாது என்பதை ஒப்பந்தத்திற்கு முன்னரே சொல்லிவிடுங்கள்.

புலம்பெயர் உறவுகள் அனுப்பும் பணத்திலும் சில வேளை ஒரு முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். வாங்கலாம், முடிவு மட்டும் எங்களுடையது என்று சொல்லிவிட்டு வாங்கலாம். கேரளத்தில் இயக்குநர் ஜோன் ஆபிரகாமும் ஒடெசா என்ற திரைப்பட இயக்கத்தினரும் ஊர் ஊராகப் போய் மக்களிடம் சிறு தொகையாகச் சேர்த்து 1986 இல் ‘அம்ம அறியான்’ படத்தை எடுத்து, மறுபடி ஊர் ஊராகவே கொண்டுபோய்க் காட்டினார்கள். எங்கள் ஊர்களில் பணம் சேராது. ஆனால் அரிசி சேரும், மாரிக்கால நெல்லான காலபோகத்தின் அறுவடை முடிந்த மாதங்களில் கேட்டால் தாராளமாகவே சேரும். தேங்காயும் மீனும் இரவு தங்க இடமும் கிடைக்கும். ஒரு குழுவைப் பத்து நாள் ஊர் பராமரித்தால் அந்தப் படத்தில் ஊருக்கும் பங்கு வந்துவிடுகிறது.

கைத்தொலைபேசியால் படம் எடுத்தால் மதிப்பார்களா?

படம் நன்றாக இருந்தால் எதில் எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்பவர்கள் கமரா விற்பவர்கள். தொலைபேசியின் தானியங்கி ஒளி அமைப்பைப் பூட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் வாசலுக்கும் முற்றத்துக்கும் இடையில் ஆள் நடக்கும்போது படம் வெளுத்தும் கறுத்தும் துடிக்கும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் வினாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் ஐம்பதில் ஒரு வினாடி என்று வைத்தால் குழல் விளக்கின் கீழ் படம் மினுங்காது. பகல் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் வெளியே முகங்களை எடுக்க வேண்டாம், கண்குழி கறுத்துவிடும். அந்த நேரத்தில் திண்ணையிலோ கொட்டிலுக்குள்ளோ எடுக்கலாம்.

ஆளைத் தோற்கடிப்பது ஒலி. படம் சற்று மங்கலாக இருந்தால் மக்கள் பொறுப்பார்கள், பேச்சு விளங்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். வன்னியில் காற்று, மயில், மெசின், கோயில் ஒலிபெருக்கி, ஏ9 வீதியில் பஸ் கோன் எல்லாம் சேர்ந்து வரும். சட்டையில் குத்தும் மலிவான மைக் ஒன்றை வாங்கி இரண்டாவது தொலைபேசியில் செருகி நடிகரின் சட்டைப்பையில் போட்டுவிட்டு, காட்சி தொடங்கும்போது ஒரு முறை கைதட்டுங்கள். தொகுக்கும்போது அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்தலாம். புறப்படும் முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதியுங்கள். அன்றைய கோப்புகளை அன்றிரவே இரண்டு இடங்களில் பிரதி செய்யாமல் நித்திரைக்குப் போக வேண்டாம்.

வசனம் எந்தத் தமிழில் இருக்க வேண்டும்?

உங்கள் வாயில் வருகிற தமிழில். வன்னிப் பிள்ளைகள் கமராவைக் கண்டதும் தமிழ்நாட்டுச் சின்னத்திரை போலப் ‘பேசிட்டு இருக்கேன்’ என்பது எங்கள் நிரந்தரத் தலையிடி; கமராவை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா கதைக்க விடுங்கள், திரும்பிவிடுவார்கள். சொற்களைத் தெரிவுசெய்யும்போது இன்னும் கவனம் தேவை. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடர் போராட்டம் இருந்த தாய்மார் ‘காணாமல் போனோர்’ என்பதை ஏற்பதில்லை, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே சொல்வார்கள். போனவர் தானாகப் போனவர், ஆக்கப்பட்டவருக்கு ஆக்கியவர் ஒருவர் உண்டு. அதே போல் அரசு ‘நலன்புரி முகாம்’ என்று பெயரிட்ட செட்டிகுளத்து முகாமைப் பற்றி அங்கே முள்ளுக்கம்பிக்குள் இருந்தவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு அந்தச் சொல்லையே வையுங்கள். சிங்கள உபதலைப்பு எழுதும்போதும் இந்த வேறுபாடு தெரிந்தவரிடம் கொடுங்கள். தெற்கில் உள்ளவர்களுக்குக் காட்டத்தான் வேண்டும்.

பெண்களை நடிக்க விட வீடுகளில் மறுக்கிறார்கள். என்ன செய்வது?

கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே போட்டு வந்த ஊர்கள் இவை, தயக்கம் இருக்கும். ஒத்திகையைப் பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கி ஐந்துக்குள் முடியுங்கள், வீட்டுக்குக் கூட்டிச்செல்ல ஆள் வையுங்கள், தாயையோ மாமியையோ ஒத்திகைக்கே அழையுங்கள். அழைத்துவந்த மாமி இரண்டாம் வாரத்தில் தானும் ஒரு வேடம் கேட்டதுண்டு.

முதற்காட்சியை எங்கே, எப்போது வைப்பது?

கதை எங்கே பிறந்ததோ அங்கே. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, அறுவடை நாட்களில் ஆள் வராது, திருவிழா நாட்களில் கோயிலோடு போட்டி போட முடியாது. பங்குனி, சித்திரை மாலைகள் நல்லவை. ஏழு மணிக்குள் இருட்டிவிடும், வெள்ளை வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்தால் திரை. ஜெனரேட்டரை நீண்ட வயரோடு மண்டபத்துக்குப் பின்னால் தூரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒலிக்காகப் பட்ட பாடெல்லாம் வீண்.

படத்தை நடுவில் நிறுத்திக் கதைக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்ஜென்டீனாவில் சொலானாஸ், ஹெத்தினோ என்ற இயக்குநர்கள் 1960களின் இறுதியில் தங்கள் படத்தை அப்படித்தான் இரகசியமாகக் காட்டினார்கள்; காட்சிக்கு நடுவில் விளக்கைப் போட்டு விவாதிக்க விட்டார்கள். படத்தில் முகம் தெரிகிற ஒருவர் முதற்காட்சிக்குப் பிறகு “என்னை எடுத்துவிடுங்கோ” என்றால் எடுத்துவிட வேண்டும். அன்று ஒப்பமிட்ட சம்மதக் கடிதத்தை நீட்டிக் காட்டுவது அழகல்ல.

சர்வதேச விழாக்களுக்கு அனுப்பலாமா?

தாராளமாக. 2015 முதல் யாழ்ப்பாணத்திலேயே சர்வதேச சினிமா விழா நடைபெற்று வந்திருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். ஊர்க்காட்சி முடிந்த பிறகு.

காட்சி முடிந்ததும் கருத்துக் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லையே?

ஒலிவாங்கியை நீட்டாதீர்கள். அதைப் பிடித்தவுடன் எல்லோரும் “நல்ல முயற்சி, வாழ்த்துகள்” என்றுதான் சொல்வார்கள். கதிரைகளை அடுக்கத் தொடங்குங்கள், தேநீரைக் கொண்டுவாருங்கள், பிள்ளைகளைச் சட்டியைத் தட்டி விளையாட விடுங்கள். வேட்டித் திரையை மடிக்கும்போது மறுமுனையைப் பிடிக்க ஒரு பெரியவர் வருவார். முனையோடு முனை சேர்க்கிற இடைவெளியில் குரலைத் தாழ்த்தி, “தம்பி, அந்தக் கிணத்தடிச் சீன் பிழை, அண்டைக்கு அங்க நான் நிண்டனான்” என்பார். பென்சிலும் கொப்பியும் அப்போது கையில் இருக்க வேண்டும்.